ஆள்வது, அடங்குவது இதில் ஈடுபாடு உள்ளவர்கள் சும்மா பொழுதுபோக்குக்கு என்ன படிக்கிறீர்கள்?

இரவல்பேனா:

வணக்கம். கூச்சமான கேள்வி, அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்கு 31 வயது, கோயம்புத்தூர். ஆள்வது, அடங்குவது என்கிற சமாசாரத்தில், அதாவது அந்தரங்கத்தில் ஒருவர் கட்டளையிட மற்றவர் சம்மதித்து அடங்குகிற விளையாட்டில், எனக்கு ஈடுபாடு உண்டு, அடங்கும் பக்கம். வீட்டுக்காரருக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசி ஒத்துக்கொண்ட அளவில் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஆலோசனை எதுவும் வேண்டாம்.

வேண்டியது புத்தகம். சேஃப்வேர்ட் (சொன்னதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டிய சொல்) எப்படி வைப்பது, கயிற்றை எங்கே கட்டக்கூடாது என்று சொல்லித்தருகிற கையேடுகள் இரண்டு மூன்று படித்தாயிற்று. லைசென்ஸ் எடுக்கப் படிப்பது மாதிரி இருந்தது. தேவைதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தலையணையை முட்டுக்கொடுத்துக்கொண்டு படிக்க முடியாது. நான் தேடுவது அந்த மத்தியானப் புத்தகத்தை. கதையோ நாட்குறிப்போ எதுவானாலும் சரி. 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதல் பாகத்தை முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது, அதனால் அதை யாரும் சொல்ல வேண்டாம்.

படிக்க வேண்டிய புத்தகம் எது என்று கேட்கவில்லை. நீங்கள் நிஜமாகவே திரும்பத் திரும்ப எடுப்பது எது?

நடுப்பக்கம்:

மூன்று மாதத்தில் முடித்தீர்களா? என்னால் முடியவே இல்லை. அது முதலில் 'ட்வைலைட்' என்ற ரத்தக்காட்டேரிக் காதல் கதைக்கு ஒரு ரசிகை எழுதிய தொடராக இணையத்தில் வந்து, 2011இல் பெயர் மாற்றிப் புத்தகமானது. கதாநாயகன் அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது, முன்ஜென்மத்தில் ரத்தக்காட்டேரி.

எனக்குப் படக்கதை பிடிக்கும். குரோஷியாக்காரர் ஸ்டெபான் ஷெயிச் வரைந்த 'சன்ஸ்டோன்'. லிசா, ஆலி என்று இரண்டு பெண்கள், முதல் சந்திப்பிலேயே இரண்டு பேருக்கும் உதறல். கட்டளை இடுகிறவளுக்குத்தான் கூடுதல் உதறல், அதுதான் அழகு. பெரிய நாவல் வேண்டுமென்றால் ஜாக்குலின் கேரியின் 'குஷியல்ஸ் டார்ட்', 2001இல் வந்தது. ஃபேன்டசி. நாயகி ஃபேத்ர, வலியில் இன்பம் காண்கிறவள், தொழில்முறை வேவுக்காரியும்கூட. அந்த நாட்டில் சேஃப்வேர்டுக்கே 'சிக்னால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலையணையைவிடத் தடிமன், மத்தியானத் தூக்கத்துக்கும் உதவும்.

மெய்ப்புக்காரி:

இரவல்பேனா, நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதனால் எதையும் ஒழுங்காக ரசித்துப் படிக்கிற பாக்கியம் எனக்குக் கிடையாது. ஒருத்தி சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிற பக்கத்தில், விட்டுப்போன மேற்கோள்குறியை நான் பென்சிலால் சுழித்துக்கொண்டிருப்பேன். என் ரசனையை அந்தக் கழிவு போக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிக முறை படித்தது 'வீனஸ் இன் ஃபர்ஸ்'. திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கியது. கடைக்காரர் அதைத் தையல், பின்னல் புத்தகங்களோடு அடுக்கி வைத்திருந்தார். அட்டை கிழிந்திருந்தது, உள்ளே 'ஃபர்' என்று பார்த்துவிட்டுக் குளிர்கால உடுப்பு பற்றியது என்று நினைத்திருப்பார். பெரிய தப்பு ஒன்றும் இல்லை, கதையில் மென்மயிர் மேலங்கி வராத பக்கம் குறைவு. வீட்டுக்கு வந்ததும் ஓர் உரக் கம்பெனி காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டேன். நான் விவசாயம் பற்றி ஏதோ படிக்கிறேன் என்றுதான் என் மாமியார் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார்.

எழுதியவர் லெயோபோல்ட் ஃபான் ஸாக்கர்-மாஸோக். 1836இல் லெம்பெர்கில் பிறந்தவர். அன்றைக்கு அது ஆஸ்திரியப் பேரரசு, இன்றைக்கு உக்ரைனின் லிவிவ் நகரம். வலியிலும் அடங்குவதிலும் இன்பம் காண்பதைச் சொல்கிற 'மாசோகிசம்' என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். க்ராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் அப்படி வைத்தார், அதுவும் மனிதர் உயிரோடிருக்கும்போதே. தன் பெயர் ஒரு நோய்ப்பட்டியலில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் 1895இல் கண்ணை மூடினார்.

நாவல் 1870இல் வந்தது. கார்பாத்திய மலையில் ஓர் ஆரோக்கிய வாசஸ்தலம். செவெரின் என்கிறவன் அங்கே தோட்டத்தில் நிற்கும், காதல் தெய்வம் வீனஸின் கற்சிலைமேல் மையல் கொண்டிருக்கிறான். அதே வீட்டில் குடியிருக்கும் வாண்டா என்ற இளம் விதவையைப் பார்த்ததும் கல்லை விட்டுவிட்டு இவளிடம் வந்து, என்னை உன் அடிமையாக வைத்துக்கொள் என்கிறான். அவள் முதலில் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறாள். அப்புறம் பக்கம் பக்கமாகப் பேச்சு. அவன் கெஞ்சுகிறான், வாதாடுகிறான், புராணத்திலிருந்தும் ஓவியத்திலிருந்தும் உதாரணம் எடுத்து வருகிறான். அவசரக்காரர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த இடத்தைத்தான். பார்க்கிறவர்களுக்கு அவள் எஜமானி. ஆனால் எந்த மேலங்கி, எந்தப் பார்வை, எப்போது கோபம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். அவன் எழுதித் தந்த வேஷத்தை அவள் கட்டுகிறாள். கட்டக் கட்ட அது அவளுக்குப் பிடித்துப்போகிறது. அங்கேதான் அவனுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கிறது.

ஃப்ளோரன்ஸுக்குப் போகிறார்கள். ரயிலில் அவள் முதல் வகுப்பு, அவன் மூன்றாம் வகுப்பு. பெயரும் போய்விட்டது, இப்போது அவன் வேலைக்காரன் கிரெகோர். வண்டி நிற்கிற இடத்தில் இறங்கி அவள் பெட்டிக்கு ஓடி, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தன் நெரிசலுக்குள் ஓடுகிறான். சாட்டை வருகிற பக்கங்களைவிட இந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். மூன்றாம் வகுப்பில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நிஜமாகவே ஏழைகள், அவன் மட்டும் ஆசைப்பட்டு வந்தவன். மாஸோக் அதை அறிந்தே எழுதினாரா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சந்தேகம்.

இதையும் தூக்கிச் சாப்பிடுகிறது அவர் நிஜ வாழ்க்கையில் போட்ட ஒப்பந்தம். 1869 டிசம்பரில், ஃபான்னி பிஸ்டர் என்ற பெண்மணியோடு, ஆறு மாதத்துக்கு. நான் உன் அடிமை, சொன்னதைச் செய்வேன், தப்புச் செய்தால் தண்டிக்கலாம் என்றெல்லாம் ஒத்துக்கொண்டுவிட்டு, நடுவில் ஒரு நிபந்தனை வைக்கிறார். தினமும் எழுதுவதற்கு ஆறு மணி நேரம் தொந்தரவில்லாமல் விட வேண்டும், தன் கடிதங்களையும் எழுத்தையும் அம்மணி எடுத்துப் பார்க்கவே கூடாது. அம்மணியின் தரப்பில் ஒரு கடமை: முடிந்தபோதெல்லாம், முக்கியமாகக் கொடுமை செய்கிற மனநிலையில் இருக்கும்போது, மென்மயிர் உடுத்த வேண்டும். அடிமைக்கு ஆறு மணி நேர ஓய்வு! இந்தக் காலத்து ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தங்களில் எனக்கு அது கிடைத்ததில்லை. பிறகு இருவரும் இத்தாலிக்குப் போனார்கள், அவர் கிரெகோர் என்ற பெயரில், வேலைக்காரனாக. நாவலில் வரும் ரயில் அங்கிருந்து கிளம்பியதுதான்.

முடிவு எனக்குப் பிடிக்காது. செவெரின் 'குணமாகி' விடுகிறான். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொல்கிறான்: படிப்பிலும் வேலையிலும் உரிமையிலும் பெண் ஆணுக்குச் சமமாகிற வரைக்கும் அவள் அவனுக்கு அடிமையாகவோ எஜமானியாகவோதான் இருக்க முடியும், துணையாக முடியாது என்று. இதை 1870இல் எழுதியவர் பெயரை நோய்க்கு வைத்துவிட்டோம்.

அடுத்து எல்லோரும் சொல்கிற 'ஸ்டோரி ஆஃப் ஓ'. அந்தப் புத்தகத்தைவிட எழுதியவரைத்தான் எனக்குப் பிடிக்கும். 1954இல் பாரிஸில் வந்தது, ஆசிரியர் பெயர் பொலின் ரேயாஜ். அது புனைபெயர். ஓர் ஆண்தான் எழுதியிருக்க வேண்டும் என்று ஊரே பேசியது. நாற்பது வருஷம் கழித்து, 1994இல், தான்தான் என்று ஒத்துக்கொண்டவர் டொமினிக் ஓரி என்ற பெயரில் காலிமார் பதிப்பகத்தில் வேலை பார்த்த அம்மா. அடக்கமான உடை, பதிப்பக வேலை, கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்கிற குழுவில் இடம். என் இனம்! நாற்பதைத் தாண்டிய வயதில், தன்னைவிட மூத்த காதலர் ஜான் போலான் தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்று பயந்து, இரவில் படுக்கையில் படுத்தபடி பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறார். வெளியிடுகிற எண்ணம் முதலில் இல்லை, அவர் ஒருவருக்காக எழுதியது. மறு வருஷம் 'தெ மாகோ' பரிசு கிடைத்தது. கூடவே, விளம்பரம் செய்யக்கூடாது, சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று அரசுத் தடையும் வந்தது.

கதை எனக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, மார்கழி மாதத்துக் கல்தரை மாதிரி. ஓ என்கிற பெண் எதையும் பேரம் பேசுவதில்லை, அவளுக்கு நிறுத்தச்சொல் கிடையாது. நிஜத்தில் அப்படி ஒருவர் நடத்தினால் போலீஸுக்குப் போக வேண்டும். கற்பனையில்தான் அதற்கு இடம் என்று தெரிந்து படிப்பவர்களுக்கு அது பிடிக்கிறது, அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. நடை மட்டும் பிரமாதம், ஒரு சொல்கூட அதிகம் இருக்காது. வெட்ட ஒன்றும் இல்லாமல் பென்சிலைக் கீழே வைத்த புத்தகம் அது.

இனி நான் உங்களுக்காகவே வைத்திருப்பது. ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம் என்று கேட்டீர்கள், நாட்குறிப்பானாலும் சரி என்றீர்கள். ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்பைப் படியுங்கள். 1984இல் லிஸ் ஸ்டான்லி தொகுத்தது.

ஹன்னா 1833இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே வீட்டு வேலை. 1854இல் லண்டனில் ஆர்தர் மன்பி என்பவரைச் சந்திக்கிறாள். படித்தவர், கவிதை எழுதுகிறவர், அரசாங்க உத்தியோகம், உழைக்கிற பெண்கள்மேல் தீராத வியப்பு. அவர் கேட்டதால் தினமும் என்ன வேலை செய்தாள் என்று எழுதி அவருக்குத் தபாலில் அனுப்புகிறாள். அதுதான் நாட்குறிப்பு. ஒரு நாளைப் பாருங்கள்: ஜன்னல் கதவுகளைத் திறந்தேன், அடுப்பு மூட்டினேன், கரியைத் தட்டினேன், கூடம் பெருக்கினேன், இரண்டு ஜோடி பூட்ஸ் துடைத்தேன். இப்படியே போகும். கிளுகிளுப்பு ஒரு துளி கிடையாது. ஆனால் அவரை 'மாஸா', அதாவது எஜமான், என்று கூப்பிடுகிறாள். கழுத்தில் ஒரு சங்கிலி, அதில் பூட்டு, சாவி அவரிடம். மணிக்கட்டில் ஒரு தோல் பட்டை. ஒரு வீட்டில் பந்தி பரிமாறும்போது அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை, வேலை போயிற்று. வருஷக் கடைசியில் இந்த வருஷம் எத்தனை ஜோடி பூட்ஸ் என்று கூட்டிப் போடுவாள். இதெல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பூட்ஸ் கணக்கைத் திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் ஒரு காதல் கடிதத்தின் வரி.

1873இல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகும் அவள் அவர் வீட்டில் வேலைக்காரியாகவே இருந்தாள், தன் பெயரையும் சேமிப்பையும் விட்டுக்கொடுக்கவில்லை, சம்பளமும் வாங்கினாள். மன்பிக்கு அவளைச் சீமாட்டியாக அலங்கரித்து ஊர்சுற்ற ஆசை. அவளுக்கு அது எரிச்சல். கையுறை போட வேண்டும், சும்மா உட்கார வேண்டும், நினைத்த இடத்துக்குத் தனியாகப் போக முடியாது. 1877இல் கோபித்துக்கொண்டு சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டாள். அவர் கடைசிவரை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் 1909இல் இறந்தாள், அவர் 1910இல். மன்பி தன் காகிதங்களைப் பெட்டியில் போட்டு கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரிக்குக் கொடுத்து, 1950 வரை திறக்கக்கூடாது என்று எழுதிவைத்தார். யார் யாரை ஆண்டார்கள் என்று நான் பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது.

கடைசியாக ஒன்று, சிரிக்கக்கூடாது. வுட்ஹவுஸின் ஜீவ்ஸ் கதைகள். சம்பளம் கொடுக்கிறவன் பெர்ட்டி, ஆனால் ஊதா நிற சாக்ஸ் போடலாமா, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளை ஜாக்கெட் வைத்திருக்கலாமா என்பதை முடிவு செய்கிறவன் வேலைக்காரன் ஜீவ்ஸ். 1934இல் வந்த நாவலில், முதலாளி பேன்ஜொலேலே என்ற தந்தி வாத்தியம் வாசிப்பதை நிறுத்தாததால் ஜீவ்ஸ் ராஜினாமா செய்கிறான். பணிவிடையை வைத்தே ஆள்வது எப்படி என்று இவ்வளவு நாசூக்காக வேறு யாரும் எழுதியதில்லை. நம் ஆட்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் வெட்கத்தோடு கையைத் தூக்குவார்கள். பெங்களூரில் ஒரு காபிக் கடைச் சந்திப்பில் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

நடுப்பக்கம்:

அக்கா, ஒப்பந்தம் என்றதும் நம்மூர் ஓலை ஞாபகம் வந்தது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் சிவபெருமான் கிழவர் வேஷத்தில் வந்து 'நீ எனக்கு ஆள்' என்று அவரிடம் ஓலை நீட்டினாரே. உலகத்தில் முதல் ஒப்பந்தம் நம்முடையதுதான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா?

கீழத்தஞ்சை:

பெருமைப்படுவதற்கு முன்னால் நான் ஒன்று சொல்ல வேண்டும். யாரையும் புண்படுத்த இல்லை.

என் தாத்தா நாகப்பட்டினம் பக்கம் பண்ணையாள். எங்கள் வீட்டில் சாட்டை என்ற சொல் வந்தால் அடுத்த சொல் சாணிப்பால். வேலைக்குப் பிந்தி வந்தால் அடி, அடித்த பிறகு சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. தாத்தா இதைக் கதையாகச் சொன்னதில்லை, பாட்டிதான் ஒருநாள் சொன்னாள். இங்கே எல்லோரும் அடிமை, எஜமான் என்று எழுதுவதைப் படிக்கும்போது, இந்தச் சொற்களை எடுத்து விளையாட முடிகிறவர்கள் யார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹன்னா கதையும் அதேதான். அந்த ஐயாவுக்கு அது ஆசை, இவளுக்கு வயிற்றுப்பாடு. பூட்ஸ் கணக்கு காதல் கடிதம் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

மெய்ப்புக்காரி:

கீழத்தஞ்சை, அந்தக் 'காதல் கடிதம்' வரியை எழுதும்போதே கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. விட்டுவிட்டேன். மற்றவர்கள் எழுதியதில் இருந்தால் சுழித்திருப்பேன்.

ஹன்னா விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. மன்பியைச் சந்திக்காவிட்டாலும் அவள் பூட்ஸ் துடைத்துத்தான் ஆக வேண்டும். அவள் நாட்குறிப்பைப் பற்றி எழுதிய அறிஞர்களும் இதையேதான் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆட்டுவிக்கப்பட்டாளா, ஆடினாளா என்று. மீதிப் பாதிக்கு அந்தத் தோல் பட்டையைச் சொல்வேன். வயிற்றுப்பாடுதான் எல்லாம் என்றால் அதைக் கழற்றிவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பாள்.

அடிமை என்ற சொல் எனக்கும் தமிழில் வாயில் வராது. ஆங்கிலத்தில் படிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிறது, தமிழில் நினைத்தால் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் நான் வீட்டில் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. எங்களுக்கு வேறு சொல் இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

நடுப்பக்கம், ஓலைக் கதையை நீங்கள் விளையாட்டாகச் சொன்னீர்கள், எனக்கு ராத்திரி முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓலையில் கையெழுத்துப் போட்டது சுந்தரர் இல்லை, அவர் தாத்தா. நானும் என் வழிவழி வருகிறவர்களும் உங்களுக்கு ஆள் என்று பேரனைச் சேர்த்து எழுதிக்கொடுத்தார். சுந்தரர் கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டார், மூல ஓலை வேறாக இருந்தது பிறகு தெரிந்த கதை. பக்தர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள் என்பது வேறு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மாஸோக்கின் தாளையும் அந்த ஓலையையும் ஒரே கட்டில் வைக்க முடியாது. ஒன்றில் அவரே எழுதி, அவரே ஆறு மாதம் என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார். மற்றதில் பிறக்காதவனையும் சேர்த்து எழுதியிருக்கிறது. கீழத்தஞ்சை தாத்தாவிடம் அதுகூடக் கேட்கவில்லை.

கீழத்தஞ்சை:

ஆறு மாதம் என்று தேதி போட முடிவதே ஒரு வசதிதான் அம்மா. சரி, நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. நான் ஜீவ்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாளியின் சாக்ஸைத் தூக்கிப் போடுகிற வேலைக்காரன் என்றால் எனக்கும் படிக்கலாம் போல இருக்கிறது.

ஏழாம்எண்விடுதி:

நானும் ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போகிறேன். லாரா அன்டோனியூவின் 'த மார்க்கெட்பிளேஸ்', 1993. முதல் பதிப்பு வேறு பெயரில் வந்தது. பணிவிடை செய்யவே பயிற்சி எடுக்கிற நான்கு பேர், பயிற்சி கொடுக்கிற கிரிஸ் பார்க்கர். நான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன், ஹவுஸ்கீப்பிங் பாடத்தில் தோற்றவன். மேசை எப்படிப் போடுவது, எஜமானுக்குக் கேட்காமலே எப்போது காபி வைப்பது என்பதெல்லாம் அந்த நாவலில் பக்கம் பக்கமாக வரும். என் பேராசிரியர் அதைப் பாடமாக வைத்திருந்தால் நான் பாஸ் செய்திருப்பேன். நடுவில் சூடான காட்சிகள் நிறைய உண்டு, மாமியார் வீட்டில் படிப்பதாக இருந்தால் உரக் காலண்டர் போதாது.

பிறகு, சரித்திரத்தில் ஆர்வம் இருந்தால் ஒரு துணுக்கு: சான் ஃபிரான்சிஸ்கோவில் 1978இல் இதில் ஈடுபாடுள்ள லெஸ்பியன் பெண்கள் தொடங்கிய அமைப்புக்கு 'ஸமுவா' என்று பெயர். 'ஓ' கதையில் ஆன்-மரி என்ற பெண்ணின் மாளிகை இருக்கும் ஊர் அது. அவர்கள் 1981இல் கொண்டுவந்த 'கமிங் டு பவர்' தொகுப்பில் கதையும் கட்டுரையும் கலந்து இருக்கும். பேரம் பேசத் தெரியாத 'ஓ'வின் ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு, பேரம் பேசுவது எப்படி என்று எழுதினார்கள். மெய்ப்புக்காரி அக்காவுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மெய்ப்புக்காரி:

பிடித்தது. ஆனால் அந்தத் தொகுப்பில் அச்சுப்பிழை எப்படி என்று முதலில் சொல்லுங்கள்.

இரவல்பேனா:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை.

ஹன்னாவின் புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. கீழத்தஞ்சை அண்ணன் சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். 'வீனஸ்' போன ஞாயிறு ஆரம்பித்தேன். மத்தியானம் படுத்துக்கொண்டு, நிஜமாகவே தலையணையை முட்டுக்கொடுத்து. அந்தப் பேச்சுப் பக்கங்களைத் தாண்டிப் போகாமல் படித்தேன் அக்கா. வாண்டா ஓர் இடத்தில் தயங்குகிறாள் பாருங்கள், தனக்கு இது பழகிவிடுமோ என்று. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் நிற்கிறவர் என்ன நினைப்பார் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. என் ஆசையை மட்டும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சாயங்காலம் டீ போடும்போது கேட்டேன். உங்களுக்கு இதில் ஏதாவது சங்கடம் உண்டா, ஏதாவது நிபந்தனை வைக்க வேண்டுமா என்று. மாஸோக்கின் ஆறு மணி நேரக் கதையையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நான் பயந்தே போனேன். கடைசியில் இரண்டு சொன்னார். முதலாவது, அவர் களைத்து வருகிற நாளில் கட்டளை போடச் சொல்லி எதிர்பார்க்கக்கூடாது, அன்றைக்கு அவருக்கு யாராவது கட்டளை போட்டால் தேவலை. இரண்டாவது, இந்தியா ஆடுகிற அன்றைக்கு எதுவும் கிடையாது. இரண்டையும் எங்கள் ஒப்பந்ததில் சேர்த்துவிட்டோம்.

மெய்ப்புக்காரி:

'ஒப்பந்ததில்' இல்லை, 'ஒப்பந்தத்தில்'. ஒரு 'த்' விட்டுப்போயிற்று.

இரவல்பேனா:

சரிங்க அக்கா. திருத்திவிடுகிறேன்.